நார்மல் ரேஞ்ச் பிறந்த கதை தெரியுமா?

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் கண் எங்கே ஓடும்? வலது ஓரத்துக்கு! 'நார்மல் ரேஞ்ச்' என்று இரண்டு எண்கள் நிற்குமே, அங்கே. நம் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் வயிற்றில் புளி கரைக்கும். அந்த இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன?

ஓர் ஊர் மக்களுக்கு நார்மல் அளவு வகுக்க எத்தனை பேரின் ரத்தம் வேண்டும் தெரியுமா? லட்சம் இல்லை, ஆயிரம்கூட இல்லை. ஆரோக்கியமானவர்கள் 120 பேர் இருந்தால் போதும் என்கிறது உலக லேப்கள் பின்பற்றும் வழிகாட்டி! அவர்களின் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக நிறுத்தி, அடியில் இரண்டரை சதவீதம், உச்சியில் இரண்டரை சதவீதம் கிள்ளிவிடுவார்கள். மிச்சம் 95 சதவீதம்தான் நார்மல். கிள்ளப்பட்டவர்கள்? அவர்களும் ஆரோக்கியமானவர்கள்தான், பாவம்! ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொண்டால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்கும் ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு!

120 பேர் கிடைக்காத லேப் என்ன செய்யும்? வெளியூர் ரேஞ்சைக் கடன் வாங்கும். உள்ளூர்க்காரர் 20 பேரைச் சோதித்து, இரண்டு பேருக்கு மேல் வெளியே விழாவிட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

'நார்மல்' என்ற சொல்லே வேண்டாம், எந்த மக்களோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லுங்கள் என 1969-லேயே குரல் கொடுத்தவர் பின்லாந்தின் ரால்ஃப் கிரேஸ்பெக். பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்ச முடியாத ஒரு பரம்பரை நோயின் பெயரிலும் இவர் இருக்கிறார்!

அந்த பி12-ல்தான் வேடிக்கையே. அது இயற்கையாகக் கிடைப்பது அசைவத்திலும் பால், முட்டையிலும்தான். சைவம் மிகுந்த ஓர் ஊரில் 120 பேரை வரிசையில் நிறுத்துங்கள். கீழ் எல்லை தானாகச் சரியும், குறைபாடே நார்மலாகிவிடும்! அதனால் வெறும் வரிசையை நம்பாமல் ஹோமோசிஸ்டீனையும் மெத்தில்மலோனிக் அமிலத்தையும் பார்க்கிறார்கள். செல்களுக்கு பி12 பற்றாவிட்டால் இவை ரத்தத்தில் ஏறும். ஊர் பொய் சொன்னாலும் செல் சொல்லாது.

வெயிலில் கிடந்தால் வைட்டமின் டி நிறைந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? ஹவாய் தீவில் வாரத்துக்குச் சராசரியாக 29 மணி நேரம் வெயில் காய்ந்த 93 பேரைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம்கூட இல்லை! தான்சானியாவின் மசாய், ஹட்சா மக்களுக்கோ சராசரி 46. எது நார்மல்? அமெரிக்க மருத்துவக் கழகம் 2010-ல் 20 போதும் என்றது. அங்குள்ள ஹார்மோன் நிபுணர்கள் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2011-ல் 30 வேண்டும் என்றது. 2024-ல் அதே சொசைட்டி தன் 30-ஐக் கைவிட்டது! ரத்தம் மாறவில்லை, காகிதம்தான் மாறியது. 20-க்கும் 30-க்கும் நடுவே இருந்தவர்கள் எத்தனை மாத்திரை விழுங்கினார்களோ!

இதைவிட அதிசயம் 1939-ல், பாஸ்டனில். ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர், வைட்டமின் சி துளியும் இல்லாத சாப்பாட்டைத் தானே மாதக்கணக்கில் சாப்பிட்டார். சுமார் 41 நாளில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் வைட்டமின் சி பூஜ்யம்! ஆள்? நன்றாக இருந்தார்! மூன்றாம் மாதம் முதுகைக் கீறிப் பார்த்தார்கள். காயம் ஒழுங்காக ஆறியது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயின் அறிகுறி தோலில் தெரிய நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. ஆறாம் மாதம் மறுபடி கீறினார்கள், அது ஆறவில்லை. வைட்டமின் சி ஊசி போட்ட பிறகுதான் கூடியது. ஆக, பிளாஸ்மா காலியானாலும் செல்களின் கிடங்கு உடனே காலியாவதில்லை. இதே பாஸ்டனில் 1961-ல் விக்டர் ஹெர்பர்ட், மூன்று முறை வேகவைத்து ஃபோலேட் என்ற பி வைட்டமினை வடித்த உணவையே தின்று, நாலரை மாதத்தில் தனக்கே ரத்தசோகை வரவழைத்துக்கொண்டார். வைட்டமின் எல்லைகளுக்குப் பின்னால் இப்படிச் சில முரட்டு ஆசாமிகள்!

சரி, எடுத்த ரத்தமாவது சாதுவா? வைட்டமின் ஏ வெளிச்சம் பட்டால் சிதையும். அதனால் ஃபாயில் சுற்றி வைப்பார்கள். காய்ச்சல், தொற்று வந்த நேரத்தில் வைட்டமின் ஏ அளவு தற்காலிகமாக இறங்கியும் காட்டும். ரத்தச் சிவப்பணு உடைந்தால் ஃபோலேட் பொய்யாக எகிறும்.

எல்லாவற்றுக்கும் மேல் பயோட்டின்! முடி வளர என்று விழுங்குகிறோமே, அதுதான். சில பரிசோதனை முறைகளே பயோட்டினை வைத்துத்தான் இயங்குகின்றன. அதிக டோஸில் சாப்பிட்டால் வைட்டமின் டி, பி12 கூடுதலாகக் காட்டக்கூடும். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் குறைவாகத் தெரியக்கூடும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்தது. அடுத்த முறை ரத்தம் கொடுக்கக் கையை நீட்டும் முன், முடி மாத்திரை சாப்பிடுவதை லேப்பிலும் டாக்டரிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.