காலையில் ‘கட கட’ சத்தமா? அலட்சியம் வேண்டாம்!

பல கார்களின் என்ஜினுக்குள் ஒரு சங்கிலி ஓடுகிறது. ஏறக்குறைய சைக்கிள் சங்கிலியைப் போன்றதுதான். மூடிக்குள் மறைந்து கிடப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால், அது பல் தப்பினால் போதும், நேற்று வரை நன்றாக ஓடிய என்ஜின் நொடியில் பாழாகிவிடும்!

அந்தச் சங்கிலிக்கு “டைமிங் செயின்” என்று பெயர்.

அதன் வேலை என்ன?

பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் வருவதால் “கிராங்க்” என்ற தண்டு சுழலுகிறது. வால்வுகளைத் திறந்து மூடுவது “கேம்” என்ற தண்டு. கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு தவறாமல் இரண்டையும் பிணைப்பதே சங்கிலியின் வேலை. கிராங்க் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் 1,000 தடவை திறந்து மூடுகிறது!

கணக்கு தப்பினால்? திறந்திருக்கும் வால்வு மீது பிஸ்டன் மோதும். வால்வு வளையும். வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

இரண்டு காவலர்கள்

சங்கிலி துள்ளாமல் இருக்க இரண்டு காவல் உண்டு.

ஒன்று, “கைடு”. சங்கிலி ஓடும் தடத்தை ஒட்டி நிற்கும் பட்டை இது. சங்கிலி உராயும் பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

மற்றொன்று, “டென்ஷனர்”. சங்கிலி தொய்ந்துவிடாமல் தள்ளிப் பிடிப்பது இதுதான். பல கார்களில் ஸ்பிரிங்கும் என்ஜின் ஆயிலின் அழுத்தமும் சேர்ந்து இதைத் தள்ளுகின்றன.

ஆகவே, ஆயில்தான் உயிர்! ஆயில் குறைந்தாலோ, அழுக்கேறிக் கெட்டியானாலோ டென்ஷனர் தளரும். சங்கிலியின் மூட்டுகள் தேய்ந்து நீளம் கூடும். தொய்ந்த சங்கிலி துள்ளித் துள்ளி கைடில் பள்ளம் பறிக்கும். பல வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் உடைந்தும் விழும்.

நம் ஊர்க் கார்களில்...

இத்தாலியின் பியட் கம்பெனி உருவாக்கிய 1.3 லிட்டர் டீசல் என்ஜின், 2007-ல் இங்கே மாருதி ஸ்விப்டில் வந்தது. 2008-ல் டிசைரிலும், டாடா இண்டிகா விஸ்டாவிலும் வந்தது. இதில் ரப்பர் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார்களை நிறுத்தியது. ஆனால், பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் டாக்சிகளும் உண்டு.

“சங்கிலிக்கு ஆயுசு கெட்டி, தொடவே வேண்டாம்” என்று பலர் நம்புகிறார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிக்கே அது பொருந்தும்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது காது கொடுத்துக் கேளுங்கள். சங்கிலி மூடியின் பக்கம் “கட கட” என்று சத்தம் வந்து, ஆயில் ஏறியதும் நின்றால், டென்ஷனர் மீது சந்தேகம் கொள்ளலாம். சத்தம் நிற்காவிட்டால் வண்டியை ஓட்டாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

2. ஆயில் அளவை வாரம் ஒரு முறை பாருங்கள்.

3. ஆயில் சேம்பரைக் கழற்றினால், பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடந்தால் கைடு உடைகிறது என்று அர்த்தம்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். சூடான என்ஜின் இந்தச் சத்தத்தை மறைத்துவிடும்!

மாற்றும்போது

சங்கிலியை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. கைடு, டென்ஷனர், பல்சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. பூட்டிய பிறகு கிராங்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றி, குறிகள் சரியாகச் சேருகின்றனவா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். அதன் பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

ஒரு டாக்சி நின்றால், அதை நம்பிய குடும்பத்தின் வருமானமும் நின்றுவிடும். ஆயில் மாற்றும் செலவு, என்ஜினைப் பிரிக்கும் செலவில் சிறு பங்குகூட ஆகாது!