மலையில் கூடாரவாசம்



விடுமுறை நாட்களில் மலைக்குச் சென்று, கூடாரம் அடித்து, இரண்டொரு நாள் தங்கி வருதல் மிகச் சிறந்த கல்வியாகும். வகுப்பறையில் ஓராண்டு கற்பிப்பதிற் பலவற்றை மலை ஒரே இரவில் கற்பித்துவிடும். 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரௌன்சீ என்னும் தீவில் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களை அழைத்துச் சென்று நடத்திய பாசறையே சாரண இயக்கத்திற்கு வித்தாயிற்று. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், சாரணர் குழுவோடு பல முறை மலையேறியவன் நான். அவ்வனுபவத்தைக் கொண்டு, இத்தகைய பயணத்தை எங்ஙனம் திட்டமிடுதல் வேண்டும் என்பதை இன்று விளக்க முற்படுகிறேன். எடுத்துக்காட்டாகச் சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையையும், அதன்மேல் அமைந்த ஏற்காட்டையும் கொள்வோம்.

முதலாவது, காலம். ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்று பூகோளத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே சேலத்தைவிட மேலே எட்டுப் பாகை குறைவாக இருக்கும். சேலத்தில் மெல்லிய சட்டையோடு புறப்பட்டவர் நள்ளிரவில் நடுங்குவதற்குக் காரணம் இக்கணக்கை மறந்ததேயாம். அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழைக்காலம். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியும் மின்னலும் மிகும். பிப்ரவரி முதல் புல் காய்ந்து தீ பரவும் காலம் தொடங்கும். எனவே அரையாண்டுத் தேர்வுக்குப் பிந்திய விடுமுறையும் பொங்கலை ஒட்டிய நாட்களுமே ஏற்றவை. அப்பொழுதும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் கேட்ட பின்னரே புறப்படுதல் வேண்டும்.

இரண்டாவது, இடமும் அனுமதியும். காப்புக்காட்டினுள் அனுமதியின்றி நுழைதல் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். வனத்துறை அலுவலகத்திற்கு முன்கூட்டியே எழுதி, அனுமதி பெற்று, வழியறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அனுமதி பெறுவது சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அறிந்தவர் ஒருவர் மலையில் இருப்பதற்காகவுமாம்.

மூன்றாவது, நேரம். சமவெளியில் நடக்கும் கணக்கு மலைக்குப் பொருந்தாது. ஸ்காத்லாந்து மலையேறி நெய்ஸ்மித் என்பார் 1892இல் ஒரு விதி வகுத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதன்மேல், ஏறும் ஒவ்வோர் 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி. பத்துக் கிலோமீட்டர் தொலைவும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு மூன்று மணி ஆகும். முதுகில் மூட்டையோடு செல்லும் மாணவருக்குப் பாதியைக் கூட்டி நாலரை மணி என்று கொள்ளுங்கள். குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. திசம்பரில் ஆறு மணி அளவில் பொழுது சாயும். பள்ளத்தாக்கில் அதற்கு முன்னரே நிழல் படியும். ஆதலின் நான்கு மணிக்குள் தங்குமிடம் சேருமாறு காலையிலேயே புறப்படுங்கள்.

நான்காவது, தண்ணீர். பயணத்திற்கு முன் மாணவரைக் கூட்டிப் பேசினால், என்ன சமைப்பது என்பதே அவர்களுடைய முதற் கேள்வியாக இருக்கும். தண்ணீர் எங்கே என்று கேட்பவர் அரியர். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது வேண்டும். இருபது பேருக்கு 80 லிட்டர்; அஃதாவது 80 கிலோ எடை. இதைச் சுமந்து ஏறுவது எளிதன்று. எனவே நீர் கிடைக்கும் இடமே தங்குமிடத்தை முடிவு செய்கிறது. எனினும் நீரோரத்திலேயே கூடாரம் அடித்தல் ஆகாது. அறுபது மீட்டராவது தள்ளியிருங்கள். ஓடைக்கு இரவில் விலங்குகள் வரும். இம்மலையில் காட்டெருமைகளும் உண்டு. வறண்ட ஓடைப் படுகையோ மேலும் ஆபத்தானது. மேலே எங்கோ பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளியும் விழாதபோதே வெள்ளமாக இறங்கும்.

ஓடை நீரைக் கொதிக்க வைத்தே பருகுங்கள். ஏற்காட்டின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமிகள் அழிவதற்கு அது போதும். ஆனால் அரிசி வேகக் கூடுதல் நேரம் ஆகும். விறகோ எரிபொருளோ கூடுதலாக வேண்டும். மூடியின்மேல் ஒரு கல்லை வைத்தால் ஓரளவு பயன் தரும்.

ஐந்தாவது, கூடாரம் அடிக்கும் நிலம். மலையுச்சி மின்னலுக்கு இலக்கு. பள்ளத்தின் அடியிலோ இரவில் குளிர்ந்த காற்று, கனமாதலின், நீர்போல் வழிந்து தேங்கும். இரண்டிற்கும் நடுவே, சற்றே சரிந்த மேட்டு நிலம் நல்லது. தலைக்கு மேல் பட்ட கிளைகள் இல்லாதிருக்க வேண்டும். மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் ஓசை கேட்டால் ஆபத்து அருகில் உள்ளது. திறந்த வெளியையும் தனி மரத்தையும் விட்டு விலகிக் கட்டடத்திற்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ செல்லுங்கள். கடைசி இடி ஓய்ந்து அரை மணி கழியும் வரை வெளியே வாராதீர்கள். கூடாரத் துணி மின்னலைத் தடுக்காது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானதைக் கூறுகிறேன். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அவர்களில் பலர் இளைஞர். அவர்கள் துணிவற்றவர் அல்லர்; தீயின் இயல்பு அத்தகையது. சமவெளியில் தீச்சுவாலை நேராக எழும். சரிவிலோ, மேலேயுள்ள புல்லின்மேல் சாய்ந்து அதை முன்னரே சூடேற்றிவிடும். மேலும் பகலில் மலைச்சரிவில் காற்றும் கீழிருந்து மேல்நோக்கி வீசும். ஆகவே சரிவு பத்துப் பாகை கூடும்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். மனிதன் மேட்டில் ஓடும் வேகம் குறைகிறது. தீயின் வேகமோ கூடுகிறது. எனவே புகையைக் கண்டால் மேல்நோக்கி ஓடுதல் தகாது. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே பக்கவாட்டிலோ, வழி இருப்பின் கீழ்நோக்கியோ விலகி, வெறும் பாறையையோ புல்லற்ற மண்ணையோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலத்தையோ சேருங்கள். தீக்காலத்தில் புல்மலைக்குச் செல்லாதிருப்பதே முதற் பாதுகாப்பு. அனுமதி பெற்ற இடத்தில் அடுப்பு மூட்டினாலும், சருகை அகற்றிய வெறும் மண்ணில் மூட்டி, பின்னர் நீரூற்றிக் கிளறி, கைக்குக் குளிர்ச்சியாகப் படும்வரை அணையுங்கள்.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வேன். புல்மீது வெறும் உடம்போடு படுக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் பரப்பும் சிற்றுயிர்கள் அங்கு உண்டு. திரும்பிய பின் மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் கண்டால், காட்டில் தங்கியதை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள். கைப்பேசி எல்லா மடிப்புகளிலும் பேசாது. எந்த இடம் வரை பேசும் என்பதை முன்னரே கேட்டறியுங்கள். 108 என்னும் எண்ணை அழைக்க அவ்விடத்திற்கே வந்தாக வேண்டும். கொண்டு சென்ற உறையும் புட்டியும் உங்களோடே திரும்புதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதலாம். செல்வோர் பெயர்கள், செல்லும் வழி, தங்கும் இடம், தண்ணீர் உள்ள இடம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம். இத்தாளைப் படிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வனத்துறை அலுவலகத்திலும் கொடுங்கள். குறித்த நேரத்தில் நீங்கள் திரும்பாவிடில், உங்களைத் தேடி வருவோர்க்கு அத்தாளே வழிகாட்டி. மூட்டை கட்டுவதற்கு முன்னர் அத்தாளை எழுதி முடித்துவிடுங்கள். பின்னர் மலையின் காற்றையும் விண்மீன்களையும் கவலையின்றி அனுபவித்து, நலமே திரும்பி வாருங்கள்.