கணிப்பொறியில் பேஸ்பால்: தற்செயலின் கணக்கு

இந்தியாவில் கிரிக்கெட் செல்வாக்குடையது போல, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பாலும் செல்வாக்குடைய ஆட்டங்களுள் ஒன்று. பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடும் இவ்வாட்டத்தில், ஒருவர் எறியும் பந்தை எதிர்ப்பக்கத்தவர் மட்டையால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூவர் ஆட்டமிழந்தால் பக்கம் மாறும்.

இதனை மைதானமின்றி ஆடுவோரும் உண்டு. வெவ்வேறு ஊர்களில் உள்ள இருவர், இணையத்தின் வழியே தொடர்புகொண்டு, தத்தம் அணியைத் தேர்ந்தெடுக்கின்றனர். எறிபவர் யார், முதலில் அடிப்பவர் யார் என்பனவற்றை முடிவு செய்கின்றனர். ஆட்டத்தை நடத்துவது கணிப்பொறியே. வலுமிக்க அணியைத் தேர்ந்தவர் சில வேளைகளில் தோற்றுவிடுகிறார். அப்பொழுது அவர் உள்ளத்தில் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. தம் கணிப்புத் தவறானதோ? அன்றி, முகம் அறியாத எதிராளி சூது செய்தாரோ? இவ்விரண்டுக்கும் கணிதத்தில் விடை உண்டு.

பகடையும் கணிப்பொறியும்

ஹால் ரிச்மன் என்பவர் 1961-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்’ என்னும் விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை உண்டு. மூன்று பகடைகள் உருட்டப்படும். முதற் பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையையும், 4, 5, 6 விழுந்தால் எறிபவரின் அட்டையையும் நோக்க வேண்டும். ஏனைய இரு பகடைகளின் கூட்டுத்தொகை, அட்டையில் படிக்க வேண்டிய வரியைக் காட்டும். இத்தொகை 7 ஆவதற்கு 36-இல் 6 வாய்ப்புகள் உண்டு. 2 ஆவதற்கு ஒரே வாய்ப்புத்தான். ஆகவே, எந்த விளைவை எந்த வரியில் எழுதுவது என்பதைக் கொண்டே ஆட்டக்காரரின் திறமை அட்டையில் அமைக்கப்படுகிறது.

அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவன ஊழியரான ஜான் பர்ஜசன், ‘1620’ என்னும் கணிப்பொறியில் பேஸ்பால் ஆட்டத்தை நடத்தும் நிரலை எழுதினார். கணிப்பொறிக்குப் பகடை இல்லை. பொதுவாகக் கையாளப்படும் ஒரு முறையில், அது ஒரு தொடக்க எண்ணைப் பெருக்கி, வகுத்து, மீதியை எடுத்துக்கொள்கிறது. அம்மீதியை மீண்டும் பெருக்கி வகுக்கிறது. இவ்வாறு கிடைக்கும் எண்கள் ஒழுங்கற்றவை போலத் தோன்றிப் பகடையின் பணியைச் செய்கின்றன.

தோல்வியின் பொருள்

பத்து முறைக்கு மூன்று முறை வெற்றியுடன் அடிப்பவர் பேஸ்பாலில் சிறந்தவராக மதிக்கப்படுகிறார். அவர் ஓர் ஆட்டத்தில் நான்கு முறை அடிக்க வருகிறார் எனக் கொள்வோம். நான்கிலும் தவறுவதற்கான வாய்ப்பு, 0.7-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வரும் 0.24 ஆகும். அதாவது, ஏறக்குறைய நான்கு ஆட்டங்களுக்கு ஒன்றில் அவர் வெறுங்கையுடன் திரும்புவார். அதனால் அவருடைய திறமை குறைந்துவிட்டதென்று கூற இயலாது.

அணிக்கும் இதுவே பொருந்தும். எந்த ஆட்டத்திலும் வெல்வதற்கு 100-க்கு 55 வாய்ப்புள்ள அணி, நான்கு வெற்றிகளை முதலில் பெறுபவரே வென்றவர் என்னும் ஏழாட்டத் தொடரில் 100-க்கு 39 முறை தோற்கும். அமெரிக்கப் பெரும்போட்டியின் முழுப் பருவத்துக்குரிய 162 ஆட்டங்களையும் ஆடினால், பாதிக்கு மேற்பட்டவற்றில் அது தோற்கும் வாய்ப்பு 100-க்கு ஏறக்குறைய 9 ஆகக் குறைந்துவிடும். ஆட்டங்கள் பெருகப் பெருகவே திறமை வெளிப்படுகிறது.

காணாத எதிராளி

தொடக்க எண்ணையும் பெருக்கும் முறையையும் அறிந்தவர், பின்வரும் எண்கள் அனைத்தையும் முன்னரே அறிந்துவிடலாம். ஆதலின், அப்பொறுப்பை ஆடுவோரில் ஒருவரிடம் விடாது, பொதுவானதொரு கணிப்பொறியிடம் ஒப்படைப்பது பொருத்தமாகும். அத்தகைய நடுவர் இல்லையெனில் என் செய்வது? ஒருவரையொருவர் நம்பாத இருவர் தொலைபேசி வழியே நாணயம் சுண்டும் முறையை மானுவேல் பிளம் என்னும் அறிஞர் 1981-இல் விளக்கினார். அக்கருத்தைப் பகடைக்கும் பொருத்தலாம். இருவரும் 1 முதல் 6 வரை ஓர் எண்ணைத் தேர்ந்து, மற்றவர் படிக்கவோ தாமே பின்னர் மாற்றவோ இயலாத குறியீடாக அனுப்புகின்றனர். இரண்டும் வந்து சேர்ந்த பின்னரே எண்கள் வெளியிடப்பட்டுக் கூட்டப்படுகின்றன. தொகை 6-க்கு மேற்பட்டால் 6 கழிக்கப்படும். இருவருள் ஒருவர் மட்டும் நேர்மையாக, ஒழுங்கின்றி எண்ணைத் தேர்ந்தாலும் பகடை நடுநிலை பிறழாது.

வகுப்பறையிலும் வயலிலும்

இவ்வுண்மையை ஆசிரியர்கள் கணிப்பொறியின்றியே மெய்ப்பித்துக் காட்டலாம். ஒரே அளவான 20 சீட்டுகளில் 11-இல் ‘வலியது’ என்றும், 9-இல் ‘எளியது’ என்றும் எழுதி ஒரு பானையில் இடுக. மாணவர் ஒரு சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, அதனைத் திரும்ப இட்டுக் கலக்கி, மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஏழு முறை எடுத்தபின் முடிவுகளை ஒப்பிட்டால், பலரிடம் ‘எளியது’ வென்றிருக்கும். வகுப்பு முழுவதன் குறிப்புகளையும் கூட்டினால் ‘வலியது’ பெரும்பாலும் முந்தியிருக்கும்.

களப்பணியாளர்க்கும் இது பயன் தருவதாகும். புதிய விதையொன்று ஒரு பாத்தியில் ஒருமுறை குறைந்த மகசூல் தந்தமையால் அதனைத் தள்ளிவிடுவதும், ஒருமுறை மிகுதியாகத் தந்தமையால் ஊரெங்கும் பரப்புவதும், ஓர் ஆட்டத்தைக் கொண்டு அணியை மதிப்பிடுவது போன்றதே. பல பாத்திகளில், பல பருவங்களில் கண்ட முடிவையே உழவரிடம் எடுத்துரைத்தல் வேண்டும். ஏனெனில், தவறான முடிவின் இழப்பைச் சுமப்பவர் அவரே.