வீட்டுத் தோட்டத்தில் கோரை: மருந்தடிக்கும் முன்னே தெரிய வேண்டியவை
(வானொலி உரை)



கேளம்பாக்கம், தையூர், படூர், கோவளம் பக்கத்தில் வயலெல்லாம் மனையாகி வருகிறது. வீட்டைச் சுற்றிக் கிடக்கும் ரெண்டு சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை, கீரை போடுகிறோம். பள்ளத்தை மேடாக்க லாரியில் மண் அடிக்கிறோம். அந்த மண்ணோடும், எருவோடும், நாற்றுத் தொட்டியோடும் சேர்ந்து வருகிற விருந்தாளிதான் கோரை. இன்றைக்குப் பிடுங்கினால் நாளைக்கு ஊசி மாதிரி முளைக்கும். “ஏதாவது மருந்து வாங்கி அடிச்சுத் தொலைச்சிடலாமா?” என்று பலரும் கேட்கிறார்கள். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோரையின் உயிர் மேலே இல்லை, கீழே இருக்கிறது. பெரும்பாலான கிழங்குகள் மேல் மண்ணில் அரை அடிக்குள் இருக்கும். ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி வேர்த்தண்டு ஓடி, அடுத்த கிழங்கு, அதற்கடுத்த கிழங்கு என்று மணிமாலை போலக் கோத்திருக்கும். ஒவ்வொன்றிலும் பல கண்கள் உண்டு. மாலை அறுபடாமல் இருக்கும்வரை சில கண்கள்தான் முளைக்கும், மற்றவை தூங்கும். மண்வெட்டியால் வெட்டினால் மாலை அறுந்துபோகும். தூங்கின கண்ணெல்லாம் விழித்துக்கொள்ளும். கொத்தக் கொத்தக் கோரை பெருகுகிறதே என்று நாம் நொந்துகொள்வதற்கு இதுதான் காரணம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. ஜப்பான் நாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோன நாட்வீட் என்ற செடி 1850-ல் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு அங்கே வீடு விற்பவர், அந்தச் செடி தம் மனையில் உண்டா என்று விற்பனைப் படிவத்தில் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அதுவும் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி வளர்கிற ஜாதிதான். தழையை வெட்டினால் போகாது, அடிவேர் வரைக்கும் மருந்து இறங்க வேண்டும்.

கோரைக்கும் அதே கணக்குத்தான். தொட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்து இதற்கு உதவாது. தழை காயும், கிழங்கு சிரிக்கும். இலையில் பட்டு, இலை செய்கிற உணவோடு சேர்ந்து கிழங்குக்கு இறங்குகிற மருந்து வேண்டும். கிளைபோசேட் அப்படிப்பட்டது. ஆனால் பச்சையாக எது இருந்தாலும் கொல்லும். கத்தரி என்றும் பார்க்காது, முருங்கைக் கன்று என்றும் பார்க்காது.

இங்கே ஒரு முக்கியமான சேதி. கிளைபோசேட்டை அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்புப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. வாதம் அவர்களுக்குள் நடக்கட்டும். கேனை வாங்கி வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாமே அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். காய்கறிப் பாத்திக்கு இது சிபாரிசு செய்த மருந்தும் அல்ல. தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். கரும்பில் கோரைக்கென்று ஹாலோசல்ஃப்யூரான் இருக்கிறது. அது கரும்புக்காரர்களுக்கு, கீரைப் பாத்திக்கு இல்லை.

வேலி ஓரம், காலி மனை என்று பயிரில்லாத இடத்தில் ஆள் வைத்து அடிப்பதாக இருந்தால் இதையெல்லாம் கவனியுங்கள்.

ஒன்று, கோரை தழைத்து நிற்கும்போது, பூ எடுக்கும் முன்னே அடிக்க வேண்டும். மருந்து ஏற இலை வேண்டும். அதனால் அடிப்பதற்கு முன் அறுக்காதீர்கள். ஆவணி, புரட்டாசித் தூறலில் முளைத்தது நல்ல பதம். ஐப்பசி அடைமழையில் அடித்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும்.

இரண்டு, கலக்குகிற தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் இருக்கிற களிமண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், வீரியம் போய்விடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் கடலோர மணலில் களிமண் குறைவு, மருந்தைப் பிடித்து வைக்கிற சக்தியும் குறைவு. கிணறோ, கைப்பம்போ, ஏரி வாய்க்காலோ பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் மருந்தே வேண்டாம்.

மூன்று, காற்றில்லாத காலை நேரம் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பாத்தியில் பட்டால் செடியும் போகும், உறவும் போகும்.

நான்கு, அடித்த மறுநாளே கொத்திவிடாதீர்கள். மருந்து கீழே இறங்க இரண்டு வாரமாவது விடுங்கள். தூங்கின கிழங்குகள் தப்பிப் பிறகு முளைக்கும். ஒரே தடவையில் ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். காலி கேனில் தண்ணீர் பிடிக்கவே கூடாது. தவறி யாராவது குடித்துவிட்டால், கேனின் லேபிளோடு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சிலர் உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். உப்பளம் இருக்கிற ஊர் நம் ஊர். கிணற்றில் உப்பு ஏறுகிறதே என்று ஏற்கெனவே கவலைப்படுகிறோம். நம் கையாலேயே மண்ணில் உப்பைச் சேர்க்கலாமா?

அப்படியானால் வீட்டுத் தோட்டத்துக்கு வழி என்ன? செலவில்லாத வழி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் விடாமல் மண்ணை அரை அடி ஆழத்துக்குப் புரட்டிப் போடுங்கள். கிழங்குக்குப் பெரிய எதிரி வெயில். மேலே வந்த கிழங்கு அக்கினி நட்சத்திர வெயிலில் காய்ந்து சாகும். பிறகு முளைப்பதை பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கிழங்கோடு எடுங்கள். அப்போது புதுக் கிழங்கு கட்ட நேரம் கிடைக்காது, பழைய கிழங்கின் சத்தும் தீர்ந்துவிடும். கோரைக்கு நிழல் ஆகாது. ஆகையால் தட்டைப்பயறு, பூசணி, சர்க்கரைவள்ளி என்று தரையை மூடுகிற பயிர் போடுங்கள். பாலிதீன் தாளை நம்ப வேண்டாம், கோரை முளை அதையும் குத்திக்கொண்டு கிளம்பும். ஒரு வருஷத்தில் குறையும், இரண்டாம் வருஷம் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

எடுத்த கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள், எருவோடு மறுபடி பாத்திக்கே வந்துவிடும். கோரைக்கிழங்கு நாட்டு மருந்துக் கடைக்காரர் அறிந்த சரக்கு. மருந்தடிக்காத இடத்துக் கிழங்கைக் கழுவிக் காயவைத்தால் வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் திருப்போரூர் வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். அடுத்த தரம் மண் அடிக்கும்போது, லாரி கொட்டுவதற்கு முன்னே ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். கறுத்த சின்னக் கிழங்கு கண்ணில் பட்டால், “இந்த மண் வேண்டாம்” என்று திருப்பி அனுப்புங்கள். எந்த மருந்தையும்விட அது மலிவு.