ஊமையாகிப் போன கறுப்பு ரெலிபோன்

தென்மராட்சியில் மாதர் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளை, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா உரப்பை ஒன்றை அவிழ்த்து கறுப்பு ரெலிபோன் ஒன்றை வெளியே எடுத்தார். மண்ணும் சுண்ணாம்பும் அப்பிப் போய், வயர் அறுந்து, தூக்கினால் கல்லுப் போலப் பாரமாக இருந்தது.

"பிள்ளை, பழைய இரும்பு எடுக்கிறவன் இருநூறு ரூபா தாறன் எண்டு நிக்கிறான். குடுக்கிறதோ, வைச்சிருக்கிறதோ?" என்று கேட்டார்.

அது அவரது மாமனாரின் பலசரக்குக் கடையில் இருந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டு குடாநாட்டின் ரெலிபோன் தொடர்புகள் அற்றுப்போன பின்னர் வீட்டுக்கு வந்தது. அப்போது எட்டு வயதாக இருந்த மகனுக்கு அது விளையாட்டுப் பொருள். உயிரில்லாத ரெலிபோனைச் சுழற்றி கனடாவில் இருந்த மாமாவோடு மணிக்கணக்காகக் கதைப்பானாம். 2000ஆம் ஆண்டு சாவகச்சேரிச் சண்டையில் வீடு விழுந்தது. 2002இல் திரும்பி வந்து இடிபாட்டைக் கிளறியபோது இது கிடைத்தது. 2006இல் வேலைக்கென்று போன மகன் திரும்பி வரவில்லை. ரெலிபோனின் அடித்தகட்டில் அவன் ஆணியால் கீறிய முதலெழுத்து மட்டும் இன்னமும் இருக்கிறது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்பவியலாளர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவரிடம் நாம் கற்றுக்கொண்டவற்றையும், இவ்வாறான ரெலிபோன்களைச் சேகரித்துத் திருத்துபவர்கள் கைக்கொள்ளும் முறைகளையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

இந்தக் கறுப்பு உடல் பேக்கலைற் எனப்படும் பொருளால் ஆனது. லியோ பேக்லண்ட் என்ற பெல்ஜிய நாட்டு வேதியியலாளர் 1907இல் அமெரிக்காவில் இதனைக் கண்டுபிடித்தார். ஒருமுறை அச்சில் வார்த்து இறுகிவிட்டால் பிறகு சூடாக்கினாலும் உருகாது. ஆனால் கீழே விழுந்தால் வெடித்துவிடும். விரலால் அழுத்தித் தேய்த்து மணந்து பார்த்தால் கார்போலிக் சவர்க்காரம் போன்ற ஒரு மணம் வரும். இன்று பழைய மாதிரியில் செய்து விற்கப்படும் புதுப் பிளாஸ்டிக் ரெலிபோன்களில் அந்த மணமும் இல்லை, அந்தப் பாரமும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் நோர்வே ஓவியர் ஜீன் ஹைபெர்க் எரிக்சன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பேக்கலைற் ரெலிபோனைத் தழுவியே பிரித்தானியத் தபால் திணைக்களம் தனது 300 வரிசை ரெலிபோன்களை அமைத்தது. அவை பெரும்பாலும் கறுப்பு. தந்த நிறம், சிவப்பு, பச்சை ஆகியன குறைவாகவே செய்யப்பட்டதால் சேகரிப்போர் அவற்றுக்குக் கூடிய விலை கொடுப்பார்கள். கறுப்பும் இருநூறு ரூபாவுக்குக் கொடுக்கும் சாமான் அல்ல.

டயலைப் பற்றி ஒரு விடயம் சொல்லவேண்டும். 1878இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் ரெலிபோன் இணைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் இணைப்பாளர் அவரே. அதன் பின்னர் அது பெண்களின் தொழிலாகவே மாறியது. கன்சாஸ் நகரில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரோஜர் என்பவர், தனக்கு வரும் அழைப்புக்களை இணைப்பாளரான பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகித்தே இணைப்பாளர் தேவைப்படாத தானியங்கி முறையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1891இல் அவர் காப்புரிமை பெற்றது உண்மை. டயல் பரவப் பரவ, காலப்போக்கில் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேலையை இழந்தனர். பால்நிலையும் தொழிலும் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இந்த உதாரணத்தை ஒருவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

இனித் திருத்தும் விதம். லைனில் பூட்டியிருக்கும் ரெலிபோனைத் திறக்கவே கூடாது. சாதாரண நேரத்தில் லைனில் ஏறத்தாழ 50 வோல்ற் மட்டுமே இருந்தாலும், மணி அடிக்கும்போது அது கூடி நன்றாக அதிர்ச்சி தரும். கழற்றிய பிறகு அடித்தகட்டின் ஸ்குறூக்களைத் திறந்து, எந்த வயர் எங்கே பூட்டப்பட்டுள்ளது என்பதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் முதலில் அதைச் செய்யாமல் ஒரு பின்னேரம் முழுவதும் அவதிப்பட்டோம். உள்ளே இருக்கும் பாகங்களை மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும், தண்ணீர் படக்கூடாது. பாகங்களைப் பிரித்தெடுத்த பின்னர் வெறும் உடலை மட்டும் இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி உடனே துடைக்கலாம். ஊறவைப்பதும் வெயிலில் காயவைப்பதும் கூடாது, கறுப்பு நிறம் மண்ணிறமாக வெளிறிவிடும். மணல் கடதாசியால் உரசுவதும் கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதல்ல. குத்துவிளக்கு மினுக்கும் பிறாசோவில் சிறிதளவைப் பருத்தித் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் மினுக்கம் திரும்பி வரும்.

குரல் மெதுவாகக் கேட்டால், பேசும் பக்கத்தில் இருக்கும் கரித்துகள்கள் இறுகிப் போயிருக்கக் கூடும். அந்தப் பாகத்தை உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் சிலவேளை இளகும். டயல் மெதுவாகத் திரும்பி வந்தால் உள்ளே அழுக்கு இறுகியிருக்கும். டயல் திரும்பும்போது ஒரு வினாடிக்குப் பத்துத் துடிப்புகள் போகவேண்டும். ஒன்றைச் சுழற்றினால் ஒரு துடிப்பு, பூச்சியத்துக்குப் பத்து. இப்போதைய பல இணைப்புகள் இந்தத் துடிப்பை விளங்கிக்கொள்வதில்லை. ஆகவே பழைய ரெலிபோனைப் பூட்டினால், வரும் அழைப்புக்கு மணி அடித்தாலும் நாம் எடுக்க முடியாமல் போகலாம்.

சேகரிப்போரிடையே தீராத ஒரு வழக்கு உண்டு. கடையில் வாங்கிய அன்றுபோல மினுக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். பாவித்தவர்களின் தழும்புகளை அழிக்கக்கூடாது என்பார் மறு சாரார். தொழில்நுட்பவியலாளர் முதற் சாரார். "அந்தக் கீறலையும் எடுத்துவிடட்டோ?" என்று அவர் கேட்டபோது அம்மா ரெலிபோனைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

யப்பானில் ஒட்சுசி என்ற கரையோர ஊரில் இட்டாரு சசாகி என்பவர் 2010இல் தனது தோட்டத்தில் ஒரு வெள்ளை ரெலிபோன் கூண்டை வைத்தார். அதனுள்ளே டயல் உள்ள ஒரு கறுப்பு ரெலிபோன், வயர் இணைப்பு எதுவும் இல்லை. புற்றுநோயால் இறந்த தன் உறவினரோடு கதைப்பதற்காகவே அவர் அதை வைத்திருந்தார். 2011 மார்ச் 11ஆம் திகதி சுனாமி அந்த ஊரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரைக் கொண்டுபோனது. அதன் பிறகு அவர் தோட்டத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். உடல் கிடைக்காதவர்களின் உறவினர்களும் வந்து, பழைய வீட்டு இலக்கத்தைச் சுழற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள். மக்கள் அதனைக் காற்றின் ரெலிபோன் என்றனர்.

இந்தக் கதையை நான் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். சிலர் அழுதார்கள். ஒரு தங்கச்சி மட்டும், "அக்கா, அங்கை கடல் கொண்டு போச்சுது. எங்கடை பிள்ளையளைக் கடல் கொண்டு போகேல்லை. பதில் சொல்லவேண்டிய ஆக்கள் இருக்கினம். நான் காத்தோடை கதைக்கமாட்டன்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இதனை எல்லோருக்கும் பொருந்தும் ஆறுதலாக எடுத்துச் செல்ல எமக்கு உரிமையில்லை என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

அம்மாவின் ரெலிபோன் இப்போது அவர் வீட்டு மேசையில் இருக்கிறது. உடல் மினுங்குகிறது. அடித்தகட்டைத் தூசி தட்டியதோடு விட்டுவிட்டோம். துணி சுற்றிய பழைய வயர் எங்கும் கிடைக்கவில்லை. பூச்சியத்தைச் சுழற்றினால் டயல் தடையின்றித் திரும்பி வருகிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை மீண்டும் வந்து போனாராம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இன்னொரு சகோதரி தன் தகப்பனாரின் ரெலிபோனைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் றிசீவர் இரண்டாக வெடித்திருக்கிறதாம். துண்டுகளை எறிந்துவிடாமல் ஒரு துணியில் கட்டி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.