ரெண்டுமே 19 அடிதான், ஆனா ஒரே படகு இல்லை

மினசோட்டாவில் குடியிருந்துகொண்டு ஏரியைக் கரையில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தோம். போதும் என்று இந்த வருஷம் பழைய படகு ஒன்று வாங்க முடிவு செய்தோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. அலசிப் பார்த்ததில் கடைசியில் மிஞ்சியது ரெண்டு. ரெண்டுமே 19 அடி, முன்பக்கமும் உட்கார இடம் உள்ள பவ்ரைடர் வகை. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஞ்சின் இருக்கும் இடம்தான் வேறு.

முதலாவது ஸ்டெர்ன்டிரைவ். எஞ்சின் படகுக்குள் மூடிக்கு அடியில் இருக்கும், புரொப்பல்லர் பகுதி மட்டும் வெளியே. ரெண்டாவது அவுட்போர்டு. முழு எஞ்சினும் படகின் பின்னால் தொங்கும்.

மனைவிக்கு முதலாவதுதான் பிடித்தது. பின்னால் அகலமான மேடை இருக்கிறதே, பசங்க தண்ணியில குதிச்சு ஏற வசதி என்றார். நியாயம்தான். எனக்கும் அந்த ஆசைதான். அப்புறம் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன்.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த படகுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அது முழுசா மூழ்கக் கூடாது என்பது கடலோரக் காவல்படை விதி. ஆனால் அதிலேயே ரெண்டு தரம் உண்டு. அவுட்போர்டு படகு, ஆட்களோடு கிட்டத்தட்ட மட்டமாகவே மிதக்க வேண்டும். ஸ்டெர்ன்டிரைவ் படகின் ஏதோ ஒரு பகுதி மேலே தெரிந்தால் போதும். அதாவது ஒன்றில் பிள்ளைகள் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்றில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டி வரலாம். 5 வயசுப் பையன் எவ்வளவு நேரம் தொங்குவான்?

அடுத்தது பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் தங்கும். எஞ்சின் உள்ளே இருந்தால், கிளப்புவதற்கு முன் குறைந்தது 4 நிமிஷம் புளோயர் ஓட விட வேண்டும். அவசரத்தில் நான் மறக்கிற ஆள்.

மூணாவது எங்க ஊர் குளிர். அவுட்போர்டை நேராக நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானே வடிந்துவிடும். ஸ்டெர்ன்டிரைவில் நாமதான் வடிக்கணும். மிச்சத் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், எஞ்சின் பிளாக்கே வெடித்துவிடும்.

அவுட்போர்டையே எடுத்தோம். மேடை நடுவில் எஞ்சின் மறிக்கிறது, ரெண்டு பக்கமும் சின்னத் திட்டுகள்தான். மனைவிக்கு இன்னும் லேசான குறை உண்டு.

எந்தப் படகானாலும் மாறாதது ரெண்டு. யாராவது தண்ணீரில் இருந்தால் எஞ்சின் ஆஃப். புரொப்பல்லர் மட்டுமில்லை, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் பின்பக்கம்தான் சேரும். இன்னொன்று லைஃப் ஜாக்கெட். இங்கே படகு ஓடும்போது 10 வயதுக்குக் கீழே கட்டாயம். எங்க வீட்டில் நாலு பேருக்கும் கட்டாயம்.

நீங்களும் தேடுகிறீர்கள் என்றால் நீளத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீங்க. "உள்ளே தண்ணி ஏறினா எப்படி மிதக்கும்?" என்று கேளுங்க.