கடுகளவு மாத்திரையும் அட்ரீனல் சுரப்பியும்

"அண்ணே, உடம்பெல்லாம் வலிக்குது, ஒரு செட் மாத்திரை குடுங்க." தமிழ்நாட்டின் எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் பொழுது சாயும் நேரத்தில் இதைக் கேட்கலாம். கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார். வலிக்கு ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று. சில கடைகளில் இவற்றோடு வெள்ளை நிறத்தில் மிகச் சிறிய மாத்திரை ஒன்றும் சேரும். வெட்டிய துண்டில் அதன் பெயர் பாதிதான் தெரியும். இரவு போட்டுக்கொண்டால் காலையில் வலி போன இடம் தெரியாது, பசியும் நன்றாக எடுக்கும். "அந்தக் கடை மாத்திரை கைராசி" என்று பேர் பரவும்.

கைராசிக்குக் காரணம் பல நேரங்களில் அந்தச் சின்ன மாத்திரைதான்: டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன். இரண்டுமே ஸ்டீராய்டுகள். அரை மில்லிகிராம்தானே என்று தோன்றலாம். ஆரோக்கியமான ஒருவரின் உடல் ஒரு நாள் முழுவதும் சுரக்கும் இதே வகை ஹார்மோனான கார்டிசால் ஏறத்தாழ 10 மில்லிகிராம். அரை மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனின் வீரியம் சுமார் 13 மில்லிகிராம் கார்டிசாலுக்குச் சமம். ஒரு நாள் சுரப்புக்கு மேலாகவே அந்தக் கவருக்குள் இருக்கிறது.

சிறுநீரகத்தின் தலைமேல்

கார்டிசாலைச் சுரப்பவை அட்ரீனல் சுரப்பிகள். சிறுநீரகத்துக்கு ஒன்றாக இரண்டு. வலது சுரப்பி முக்கோண வடிவம், இடது பிறை வடிவம். ஒன்றின் எடை நான்கைந்து கிராம். இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாச்சி 16ஆம் நூற்றாண்டிலேயே இவற்றை விவரித்துவிட்டார். ஆனால் இவை எதற்காக இருக்கின்றன என்பது அதன் பிறகு முந்நூறு ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை.

சுரப்பியின் உள்பகுதி அட்ரீனலினையும் நார்அட்ரீனலினையும் தருகிறது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்க வைப்பது அதுதான். வெளிப்பகுதி மூன்று அடுக்கு. மேல் அடுக்கிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் உடலின் உப்பையும் நீரையும் காத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நடு அடுக்கு கார்டிசாலைத் தருகிறது. உள் அடுக்கு ஆண்தன்மை ஹார்மோன்களைச் சிறிதளவு சுரக்கிறது. வெளிப்பகுதி ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் கொலஸ்டிரால். எந்நேரமும் திட்டு வாங்கும் கொலஸ்டிராலுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு.

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் சுரப்பதில்லை. விடியலில் ஏறி, கண்விழிக்கும் வேளையில் உச்சத்தைத் தொட்டு, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் போடச் சொல்வது இந்தத் தாளத்தை ஒட்டித்தான். இரவில் போட்டால் தூக்கம் கெடும்.

அடிசன் பார்த்த கறுமை

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன் 1855இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் 11 நோயாளிகளின் கதை இருந்தது. தீராத களைப்பு, வாந்தி, மெலிவு, நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போகும் தோல், கடைசியில் மரணம். பிரேதப் பரிசோதனையில் எல்லோருக்கும் அட்ரீனல் சுரப்பி சிதைந்திருந்தது. பலருக்கு அதைச் சிதைத்தது காசநோய். மறு ஆண்டே பிரௌன்-செக்கார் என்ற ஆய்வாளர் விலங்குகளின் இரண்டு அட்ரீனல்களையும் அகற்றிப் பார்த்தார். ஒன்றும் பிழைக்கவில்லை.

அடிசன் நோயோடு உலகத்தின் உச்சப் பதவிக்குப் போனவர் ஜான் எஃப். கென்னடி. 1947இல் லண்டனில் நோய் கண்டறியப்பட்டு, கப்பலில் அமெரிக்கா திரும்பும்போது அவருக்குக் கத்தோலிக்க முறைப்படி மரணத் தறுவாயில் சொல்லும் செபமே சொல்லிவிட்டார்கள். ஸ்டீராய்டுதான் அவரை ஓட வைத்தது. 1954இல் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்தபோது, அட்ரீனல் செயலிழந்த ஒருவர் இவ்வளவு பெரிய அறுவையைத் தாங்கியதே அபூர்வம் என்று, 37 வயது ஆண் எனப் பெயர் சொல்லாமல் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1960 தேர்தலில் அவர் தரப்பு இந்த நோயை மறுத்தது. வாக்காளர்களுக்கு விஷயம் தெரியாமலே போனது.

ராச்செஸ்டரில் நடந்தது

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரில் உள்ள மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மூட்டுநோய் மருத்துவர் இருந்தார். 1929இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூட்டுவலி மாயமாய் விலகியதை அவர் கவனித்தார். கர்ப்பிணிகளுக்கும் இப்படியே வலி குறைவதைப் பிறகு பார்த்தார். உடல் தானே தயாரிக்கும் ஏதோ ஒரு பொருள் வேலை செய்கிறது என்று நினைத்தார். அதே வளாகத்தில் வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் மாட்டு அட்ரீனல்களிலிருந்து பல பொருள்களைப் பிரித்து, எழுத்துகளால் பெயரிட்டு வைத்திருந்தார். அவற்றில் 'இ' என்ற சேர்மத்தின் மீது இருவருக்கும் சந்தேகம் விழுந்தது. டன் கணக்கில் சுரப்பி அரைத்தாலும் கிடைப்பது சிட்டிகை அளவு. மெர்க் நிறுவனத்தில் லூயிஸ் சாரெட் அதை மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரித்த பிறகே மனிதரிடம் சோதிக்க முடிந்தது.

1948 செப்டம்பர் 21. படுக்கையில் புரளவே திணறிய 29 வயதுப் பெண்ணுக்கு 100 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரம் போனதும் கடைவீதிக்குப் போய் மூன்று மணி நேரம் சாமான் வாங்கிவிட்டு வந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

பரிசு மேடை ஏறும் முன்பே மறுபக்கமும் தெரிந்துவிட்டது. ஊசியை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்தால் முகம் வீங்கி வட்டமானது, மனநிலை தடுமாறியது. ஹார்வி குஷிங் 1912இல் விவரித்த நோயின் அதே தோற்றம்! சுரப்பி அளவுமீறிச் சுரந்தால் வருவதும், மருந்தாக அளவுமீறிக் கொடுத்தால் வருவதும் ஒன்றே.

உயிர் பிழைக்க வைக்கும் இடங்கள்

ஸ்டீராய்டு என்றாலே நடுங்குகிறவர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்கலாம். நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ், ஆட்டுக்குட்டிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கருவிலேயே ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டிகளின் நுரையீரல் முன்கூட்டியே விரிந்ததைக் கண்டார். 1972இல் சக மருத்துவர் ஹவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் நிரூபித்தார். இன்று குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு 12 மணி நேர இடைவெளியில் 6 மில்லிகிராம் வீதம் நான்கு டெக்ஸாமெத்தசோன் ஊசிகள் போடப்படுகின்றன. மிக மலிவான மருந்து. குழந்தை மூச்சுத்திணறி இறக்கும் அபாயம் கணிசமாகக் குறைகிறது.

கடும் ஆஸ்துமா, லூப்பஸ், சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் குழந்தைகள், மூளைக்காய்ச்சலாக மாறிய காசநோய், தொழுநோயில் நரம்பு வீங்கும் கட்டம், மாற்று உறுப்பு பொருத்தியவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்களுக்கு ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கொரோனா காலம் இதன் இரண்டு முகங்களையும் ஒரே ஆண்டுக்குள் காட்டியது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு முடிவு வந்தது: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆக இறங்கியது. தினம் வெறும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை என்பதும் அதே ஆய்வில் இருந்தது. அந்த வரியைப் பலர் படிக்கவில்லை. இரண்டாம் அலையில் காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே, வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச்சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டை விழுங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை எகிறியது, எதிர்ப்பாற்றல் படுத்தது. மூக்கிலும் கண்ணிலும் கறுப்புப் பூஞ்சை புகுந்தது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

சுரப்பி தூங்கிவிட்டால்

அட்ரீனல் கார்டிசாலைத் தானாகச் சுரப்பதில்லை. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் ஸ்டீராய்டு நிறைந்திருந்தால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். வேலை இல்லாத அட்ரீனல் மெல்லச் சுருங்கும். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து மருந்து எடுத்த யாருக்கும் இது நடக்கலாம். சுரப்பி மீண்டு வர மாதங்களும் ஆகலாம்.

மாதக்கணக்கில் செட் மாத்திரை தின்ற ஒருவர், ஊருக்குப் போன இடத்தில் அது கிடைக்காமல் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நாளில் எழ முடியாத களைப்பு, வாந்தி, தலைசுற்றல். ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை குறையும். மருத்துவமனையில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "வலி மாத்திரை" என்பார். உண்மையில் அவருக்கு உடனே வேண்டியது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும். மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் சிலர் விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் இதே கலப்படம் பிடிபட்டிருக்கிறது. மூலிகை என்று நம்பிச் சாப்பிட்டவரிடம் ஸ்டீராய்டைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?

முறையாக எடுப்பவர்களுக்கு விதிகள் தெளிவானவை. மருந்தை மருத்துவர் சொல்லும் படிகளில் குறைக்க வேண்டும். காய்ச்சல், விபத்து, அறுவை என்று உடல் நெருக்கடிக்கு உள்ளானால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வாந்தி நிற்காவிட்டால் ஊசிதான் வழி. ஸ்டீராய்டு எடுக்கும் விவரத்தை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருப்பது நல்லது. நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு எலும்பு, கண்புரை, சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இடுப்பில் புது வலி என்றால் தாமதம் கூடாது. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது பட்டுப்போகலாம்.

முகத்துக்கும் மூச்சுக்கும்

படர்தாமரைக்கு மூன்று மருந்து கலந்த களிம்பைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அதில் கலந்த ஸ்டீராய்டு அரிப்பை அடக்குகிறது, பூஞ்சையோ அடியில் தாராளமாகப் பரவுகிறது. சிவப்பழகுக்காக ஸ்டீராய்டுக் களிம்பைத் தினமும் முகத்தில் தடவுவோருக்குத் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் கோடுகோடாகத் தெரியும். விட்டால் முகம் எரியும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கத் தடை விதித்தது. கடைகளில் நிலைமை பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை.

இன்ஹேலர் விஷயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. கடைக் களிம்பைக் கூசாமல் பூசும் குடும்பமே, மருத்துவர் எழுதிய இன்ஹேலரைப் "பழகிடும்" என்று ஒளித்து வைக்கும். ஒரு முறை உறிஞ்சினால் உள்ளே போவது பெரும்பாலும் 200 மைக்ரோகிராம் புடிசோனைடு என்ற ஸ்டீராய்டு. அதை நிறுத்தி இளைப்பு முற்றிய பிறகு விழுங்க வேண்டிவரும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். குழந்தை வளராமல் போகுமோ என்பது அம்மாக்களின் அடுத்த கேள்வி. அமெரிக்காவில் சிறு வயதில் ஆண்டுக்கணக்கில் புடிசோனைடு எடுத்தவர்களைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து அளந்தார்கள். மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை உறிஞ்சிய பிறகும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் நாக்கில் வெண்படலம் படிவதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.